வெள்ளைக் கதவில் கத்தரிக்காய் நிறம்

வாருங்கள் என் தங்கங்களே, எட்ட நிற்க வேண்டாம், இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். வேலை முடிந்து வந்த களைப்பு முகத்திலேயே தெரிகிறது. காலை நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கார்க் கதவின் கதை. கதவுக்கு என்ன கதை என்று சிரிக்காதீர்கள். கேட்டு முடித்ததும் நீங்களே உங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

நம் ஈசூன் வட்டாரத்தில் ஒரே அடுக்குமாடி புளோக்கில் ஓர் அண்ணனும் தம்பியும் குடியிருந்தார்கள். அண்ணன் ரவூப், தேக்கா மார்க்கெட் மேல்மாடியில் துணிக்கடை வைத்திருப்பவர். தம்பி யாசர், நகரத்தில் காப்புறுதிக் கம்பெனியில் பெரிய வேலை. பூர்வீகம் நாகூர். அந்தப் பக்கத்து வழக்கப்படி தம்பி அண்ணனை 'நானா' என்றும் அண்ணன் மனைவியை 'மச்சி' என்றும்தான் கூப்பிடுவான். தகப்பனார் போன பிறகு தம்பியைப் படிக்க வைத்ததெல்லாம் நானாதான். அதனால் யாசருக்கு நானா சொன்னால் சொன்னதுதான். அவர் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார மாட்டான்.

நம் கதை அண்ணன் மனைவி ஜரீனாவைப் பற்றியது. நல்லவள். கை தாராளமானவள். ஆனால் அவளுக்கு ஓரகத்தி முனீராவின் மேல் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை, கண்ணுகளா. முனீராவின் முருங்கைக் கீரைக்குக்கூட இலை பெரியதாக இருக்கிறதே என்று படும் பொறாமை. மறைக்கவும் தெரியாது அவளுக்கு. மனசில் பட்டது மறுநிமிடம் வாயில் வந்துவிடும்.

"அவ வச்சா மட்டும் எப்படிங்க கறி அப்படி மெத்துனு வேகுது? அதே தேக்கா கடை, அதே ஆடு!"

ரவூப் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "மனசைச் சுத்தமா வச்சுக்க ஜரீனா. அடுத்தவங்களுக்கு அல்லாஹ் குடுத்ததைப் பாத்துப் பெருமூச்சு விடாதே."

கல்யாணமான நாளிலிருந்து இந்த உபதேசம்தான். ஜரீனாவும் தலையைக் குனிந்துகொள்வாள். இவர் மனசு வெள்ளைத் துணி, நம்முடையதுதான் கறை படிந்தது என்று அவளே நம்பிவிட்டாள்.

இப்படி இருக்கையில் யாசர் புதுக்கார் வாங்கினான். இந்த ஊரில் கார் என்றால் சும்மாவா? வண்டியை வாங்குவதற்கு முன்னால் அதை வைத்துக்கொள்ளும் உரிமையையே விலை கொடுத்து வாங்க வேண்டும். பால் மாதிரி வெள்ளைக் கார். சுற்றிலும் கேமரா. யாராவது லேசாகத் தட்டினாலும் அதுவே படம் பிடித்துக் கைப்பேசிக்கு அனுப்பிவிடும். ரவூப்பின் கார் பழையது. கத்தரிக்காய் நிறம். பத்து வருஷம் முடிந்து, உரிமையை நீட்டித்து ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் பக்கத்துச் சீட்டுக் கண்ணாடியை இறக்க வேண்டுமென்றால் ஒருவர் பொத்தானை அழுத்த, இன்னொருவர் கண்ணாடியைக் கையால் தள்ள வேண்டும்.

புதுக்கார் வந்த அன்று ரவூப் புளோக் முழுக்க லட்டு கொடுத்தார். ஜரீனா அந்த லட்டில் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

கார்பார்க் சங்கதிதான் உங்களுக்குத் தெரியுமே. பக்கத்தில் நிறுத்துகிறவன் கதவைப் படாரென்று திறப்பான். நம் கார்க் கதவில் ஒரு குழி விழும். ஒரு துண்டுக் காகிதத்தில் 'மன்னிக்கவும்' என்றுகூட எழுதி வைக்காமல் போய்விடுவான். யாரைத் திட்டுவது? அதனால் யாசர் பயந்துகொண்டே இருந்தான். அதற்கு ரவூப்தான் வழி சொன்னார்.

"கார்பார்க் அஞ்சாம் மாடியில செவுத்தோரமா ஒரு லாட் இருக்குல்ல, நான் வண்டி போடுற இடம். இனிமே அதுல நீ போடு. ஒரு பக்கம் செவுரு, இன்னொரு பக்கம் நான். வெளி ஆள் எவன் கதவும் உன் மேல படாது."

"அது உங்க இடம் நானா. எத்தனை வருஷமா அங்கதானே போடுறீங்க."

"இடத்துல என் பேரா எழுதிருக்கு? போடுலா."

அப்படியே ஆயிற்று. சுவரை ஒட்டி வெள்ளைக் கார், அதை ஒட்டிக் கத்தரிக்காய்க் கார். அண்ணன் தம்பி தோளில் கை போட்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மதியம் யாசர் காரை எடுக்கப் போனான். அவன் உட்காரும் பக்கத்துக் கதவில், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு குழி. குழிக்குள் மெல்லிய கோடாகக் கத்தரிக்காய் நிறம்.

வெளியாள் கதவு படாதபடி ஏற்பாடு செய்தாயிற்று அல்லவா? அப்படியானால் இடித்தது வீட்டாள்தான். அதிலும் அந்தப் பழைய காரில் வெள்ளைக் காரைப் பார்த்திருக்கும் கதவு எது? ஜரீனா உட்காரும் பக்கத்துக் கதவு. சங்கதி இரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது; யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் மின்தூக்கியில் ஜரீனாவோடு ஏறிய யாசர், "அஸ்ஸலாமு அலைக்கும் மச்சி" என்று சொல்லிவிட்டு, மாடி எண்களையே பார்த்துக்கொண்டு வந்தான்.

பாவம் ஜரீனா. அவளுக்கே அவள் மேல் சந்தேகம். முந்தின நாள் வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் தேக்காவிலிருந்து கறியும் காயுமாக இரண்டு கையிலும் பைகளோடு காரில் வந்தாள். இறங்கும்போது கதவை முழங்காலால் தள்ளினாள். இடித்ததா? சத்தம் கேட்ட ஞாபகம் இல்லை. ஆனால் அந்த வெள்ளைப் பளபளப்பைப் பார்க்கும்போதெல்லாம், இதில் ஒரு கீறல் விழாதா என்று அவள் நினைத்தது உண்டு. நினைத்தவள் கை செய்யாமலா இருந்திருக்கும் என்று ராத்திரியெல்லாம் புரண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு குடும்பமும் ஜரீனா வீட்டில்தான் சாப்பிடும். அன்று முனீரா முன்னாலேயே தனியாக வந்தாள். நேராக அடுப்படிக்குள் போய்த் தன் கைப்பேசியை ஜரீனாவின் கையில் வைத்தாள்.

"மச்சி, காரு பிடிச்ச வீடியோ இதுல இருக்கு. அவர் பார்க்க மாட்டேங்கிறாரு. நானும் திறக்கல."

"ஏன்?"

"பார்த்து, அது நீங்களா இருந்துட்டா அப்புறம் எப்படி உங்க கையால வாங்கிச் சாப்பிடுறதுங்கிறாரு. நீங்களே பாருங்க. நான் இல்லைன்னு நீங்க வாயால சொல்லிட்டாப் போதும். அதோட அழிச்சிடுவோம்."

சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள். ஜரீனாவுக்கு அப்போதும் ஒரு முள் குத்தியது. இவளுக்கு மனசும் நம்மைவிடப் பெரிசாகவா இருக்க வேண்டும்?

பிரியாணிச் சட்டியின் தீயைக் குறைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வீடியோவைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் இல்லை. சனிக்கிழமை காலை வெளிச்சம். ரவூப் துணிக்கட்டோடு வருகிறார். பின்சீட்டில் இடமில்லை. முன்பக்கம், ஜரீனா உட்காரும் சீட்டில் வைப்பதற்காக அந்தக் கதவைத் திறக்கிறார். டக்கென்று வெள்ளைக் காரில் படுகிறது. பதறிப்போய்க் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்க்கிறார். கட்டைவிரலால் தேய்க்கிறார். போகவில்லை. நிமிர்ந்து அந்தச் சுவரோரத்தைப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்கிறார். பிறகு, என் செல்லங்களே, சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்தக் கதவை இழுத்து இன்னொரு தடவை இடிக்கிறார். வேண்டுமென்றே இடிக்கிறார்.

அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, துணிக்கட்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்.

ஜரீனா மறுபடியும் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் இல்லையா? இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவளுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே குளுகுளுவென்று ஏதோ இறங்கியது. மனசைச் சுத்தமா வச்சுக்க என்றவர்! இத்தனை வருஷம் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் வெந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேனே, பக்கத்துத் தலையணையிலும் அதே நெருப்பா?

அதற்குள் யாசரும் வந்துவிட்டான்போல, கூடத்தில் அவன் குரல் கேட்டது. "நானா, டீ போடச் சொல்லவா உங்களுக்கு?"

ஜரீனாவின் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த வீடியோ அந்தப் பையன் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? தகப்பன் இல்லாத அவனுக்கு வாப்பாவும் நானாதான். அந்த முகத்தில் இது எப்படி விழும்? அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. வீடியோவை அழித்துவிட்டு, கைப்பேசியைக் கொண்டுபோய் முனீராவிடம் கொடுத்தாள்.

"பாத்துட்டேன். நான்தான்."

ரவூப் கையிலிருந்த பத்திரிகை அசையவில்லை. முனீராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தெரியாமப் பட்டுருக்கும் மச்சி..."

"ரெண்டு தடவை தெரியாமப் படுமா? வேணும்னுதான் இடிச்சேன். வயித்தெரிச்சல்."

பொய் சொல்லத்தான் ஆரம்பித்தாள், பிள்ளைகளே. ஆனால் வாய் திறந்த பிறகு வந்ததெல்லாம் உண்மை. "உன் கார்ல ஏறி உட்கார்ந்தா சீட்டு முதுகைத் தடவிக் குடுக்குது. என் கார்ல கண்ணாடி இறக்க ரெண்டு ஆளு வேணும். உன் வீட்டுக்காரரு உன்னை வாசல்ல இறக்கிவிட்டுட்டுதான் மேல போய் பார்க் பண்றாரு. நான் அஞ்சு மாடியும் பையைத் தூக்கிட்டு இறங்கணும். லிட்டில் இந்தியாவுல ஒரு சேலை எடுத்தாக்கூட உனக்கு எடுப்பா இருக்கு, எனக்குப் போத்திவிட்ட மாதிரி இருக்கு. போதுமா? இன்னும் சொல்லவா?"

யாசர் எழுந்துவிட்டான். முகம் சிவந்துவிட்டது. "இவ்வளவு மனசுல வச்சுக்கிட்டா மச்சி எங்களுக்குச் சோறு போட்டீங்க? வா முனீரா, போகலாம்."

"உட்காரு யாசர்."

ரவூப்தான். பத்திரிகையை மடித்து வைத்தார்.

"அவ இல்ல. நான்."

"நானா, மச்சிக்காகப் பழியை ஏத்துக்காதீங்க..."

"அவதான்டா எனக்காக ஏத்துக்கிறா. முதல் தடவை கை தவறிப் பட்டுச்சு. ரெண்டாவது தடவை வேணும்னே இடிச்சேன். அந்த இடத்தை உனக்குக் குடுத்தது நான்தான். குடுத்துட்டேனே தவிர, மனசு அங்கேருந்து நகரல. தினமும் காலையில உன் காரு அங்க நிக்கிறதைப் பாக்கும்போது, வாப்பா உட்கார்ந்த நாற்காலியிலருந்து என்னை எழுப்பிவிட்ட மாதிரி இருந்துச்சு. இவளுக்கு மட்டும் வாய் கிழிய உபதேசம் பண்ணேன்."

யாசர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். முனீரா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். பிரியாணி சட்டியிலேயே ஆறியது.

இருவர் மட்டும் மிஞ்சினார்கள். ரவூப் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "நீ எதுக்கு உன் தலையில போட்டுக்கிட்டே?"

"உங்களுக்குப் பழக்கமில்லைங்க. பொறாமைக்காரின்னு பேரு வாங்குறது எனக்குப் புதுசா?"

அவர் அழுதாரா சிரித்தாரா என்று ஜரீனாவுக்கே தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அவள் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக அவரிடமே கேட்டாள்: "சொல்லுங்க, அந்தக் காருல உங்களுக்கு எது ரொம்ப எரியுது?"

"கதவு சாத்துற சத்தம்" என்றார் ரவூப். "பூப் போட்ட மாதிரி சாத்துது, ஜரீனா."

"அதேதான்! எனக்கும் அதேதான்!" என்று அவள் அவர் தொடையில் தட்டினாள். சாயங்காலம் வரைக்கும் இருவரும் யாசரின் காரையும் முனீராவின் சேலையையும் பேசிப் பேசி எரிந்து, சட்டியில் பாதியைத் தீர்த்துவிட்டார்கள்.

நாலைந்து நாள் வெள்ளைக் கார் வேறு மாடியில் நின்றது. ரவூப் சுவரோர இடம் காலியாகக் கிடந்தும் அதில் நிறுத்தவில்லை. தன் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு வந்தார். தொழுகைக்குப் பிறகு வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். சோறு சரியாக இறங்கவில்லை. தம்பி போய்விட்டானோ என்ற பயம்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலை கைப்பேசி அடித்தது.

"நானா, பட்டறைக்குப் போறேன், கதவைத் தட்டி எடுக்க. தனியாப் போகப் பிடிக்கல. வர்றீங்களா?"

ரவூப் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். பட்டறையில் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது ரவூப்தான் வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். மறு ஞாயிறு யாசர் வழக்கம்போல் வந்து, நானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு தட்டு சாப்பிட்டான்.

ஜரீனாவுக்குப் பொறுக்குமா? அடுப்படியில் முனீராவிடம் வெடித்தாள். "பாத்தியா? நான் இடிச்சேன்னு சொன்னப்ப மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு எழுந்தான். இடிச்சது அவன் நானான்னு தெரிஞ்சதும் ஒரு வாரத்துல சமாதானம். நான் இடிச்சிருந்தா ஒரு வருஷம் ஆகியிருக்கும். அண்ணனுக்குன்னா தனி தராசுலா!"

முனீரா தயிர்ப் பச்சடியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மச்சி, ஒண்ணு சொல்லட்டா? அன்னைலருந்து எனக்குத் தூக்கமே சரியா இல்ல."

"ஏன்டி?"

"வயித்தெரிச்சல்தான். உங்க மேல. நீங்க சட்டுனு நான்தான்னீங்க. மச்சானும் சட்டுனு நான்தான்னாரு. எங்க வீட்டுல அப்படி ஒண்ணு நடந்தா, அவர் எனக்காகச் சொல்லுவாரா, நான் அவருக்காகச் சொல்லுவேனான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். எனக்குத் தெரியல மச்சி. உங்களுக்கு அது கேட்காமலே கிடைச்சிருக்கு."

ஜரீனா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். முனீராவா? என்னைப் பார்த்தா? அவளுக்கு நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. மறைக்கத்தான் தெரியாதே, முகம் முழுக்கப் பூத்துவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

"என்னத்தை?"

"வயித்தெரிச்சல்னியே, அதை."

முனீரா சிரித்துவிட்டாள். சிரிக்கிறவளின் கண் ஓரம் ஈரமாக இருந்ததை ஜரீனா பார்த்தாள். பச்சடிக் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "கவலைப்படாதே, நேரம் வந்தா 'நான்தான்'னு வாயில தானா வந்துடும்" என்று சொல்லி, கறித்துண்டில் மெத்தென்றிருந்த ஒன்றை எடுத்து ஊதி ஊதி அவள் வாயில் வைத்தாள்.

அவ்வளவுதான் என் கண்ணுகளா. எழுந்திருங்கள், வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். உங்கள் அடுப்பில் சோறும் உங்கள் கூடத்தில் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். மனசு வேகும் நாளில் அதை வெட்கப்படாமல் சொல்லிக்கொள்ள வீட்டுக்குள்ளேயே ஒரு காது இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் ஒருவருக்காக ஒருவர் முன்னால் வந்து நிற்கட்டும். ஆண்டவன் உங்கள் குடும்பத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும்.