பூசணிக்காயின் மூக்கு

மச்சினனின் பொம்மை நீர்மூழ்கி பார்க்க அழகாக இருந்திருந்தால் பல்செட்காரர் ஒருவேளை அவனை மன்னித்திருப்பார். அது அழகாக இல்லை. மஞ்சள் பெயின்ட், உப்பின வயிறு, பின்பக்கம் முறம் மாதிரி ஒரு சுக்கான். குளத்தங்கரைச் சங்கத்தில் எல்லாரும் அதைப் பூசணிக்காய் என்று கூப்பிட்டார்கள். மச்சினன் கோபப்படவேண்டாமா? அந்தப் பெயரையே பெரிய எழுத்தில் அதன் முதுகில் எழுதிக்கொண்டான். கேலிக்கும் அசையாத மனுஷனை என்ன செய்வது?

அவனைச் சங்கத்துக்குக் கூட்டி வந்ததே இவர்தான். ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கப்பல்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காக் குளத்தில் கூடுவார்கள். தன் கப்பலைத் தூக்கி வர ஒரு ஆள் வேண்டுமென்று, ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டுச் சும்மா கிடந்தவனை ஒருநாள் இழுத்து வந்தார். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதேதான். அவன் தூக்கி வந்தான், கரையில் குந்திப் பார்த்தான், கொஞ்ச நாளில் தண்ணிக் குழாயையும் பழைய ஃபிரிட்ஜ் சாமான்களையும் வைத்து ஒன்றைச் செய்துகொண்டு வந்து நின்றான். அது ஓடியும் தொலைத்தது.

பல்செட்காரரின் கப்பல் வேறு ரகம். பழைய போர்க்கால நீர்மூழ்கி ஒன்றின் வரைபடத்தை வாங்கி, எல்லாவற்றையும் நாற்பதில் ஒரு பங்காகச் சுருக்கியிருந்தார். மேல்தளத்துப் பலகைகளுக்கு நடுவிலிருக்கும் இடுக்குகளைக்கூட, தன் பல்செட் செய்யும் தொழிலில் பல்லைக் குடைகிற சின்ன முனையை வைத்து ஒவ்வொன்றாக அறுத்தார். பெரிஸ்கோப் ஊசிக் குழாயில் செய்தது. நிறம் நிஜக் கப்பலின் அதே மங்கின சாம்பல். வருஷப் போட்டியில் மேஜை மேல் வைத்து அழகுக்கு மார்க் போடும்போது யாரும் அவர் பக்கத்தில்கூட வரமுடியாது.

தண்ணீரில் இறக்கினால்தான் வில்லங்கம். நிஜக் கப்பலின் சுக்கானை அதே கணக்கில் சுருக்கினால் தபால்தலை அளவுதான் வரும். அதை வைத்துக்கொண்டு கப்பல் திரும்புவதற்குள் குளம் முடிந்துவிடும். முங்கும்போது மேலும் கீழும் சாய்க்கும் இறக்கைகளும் அப்படியே. சாம்பல் நிறம் வேறு கலங்கின தண்ணீரோடு கலந்துபோக, கப்பல் எங்கே இருக்கிறது என்று கப்பல்காரருக்கே தெரியாது. வருஷா வருஷம் அழகில் ஏறின மார்க் ஓட்டத்தில் இறங்கிவிடும்.

"மாமா, கப்பல நாப்பதுல ஒரு பங்கா சுருக்கிட்டீங்க, சரி. தண்ணிய யாரு சுருக்குறது?" என்று கேட்டான் மச்சினன், முதல் மாதத்திலேயே. "கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்ல பெரிய துடுப்பு வெட்டி, சுக்கான் மேல சொருகிக்கோங்க. தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாது. ஓட்டம் முடிஞ்சதும் உருவிடலாம். சங்கத்துலயும் அதுக்குத் தடை இல்லையாமே."

"நிஜக் கப்பல்ல அது கிடையாது மாப்ள."

"நிஜக் கப்பல்ல பேட்டரி ரிமோட்டும் கிடையாதே மாமா."

பல்செட்காரர் அன்றிலிருந்து அவனோடு கப்பல் பேச்சையே குறைத்துக்கொண்டார்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மனைவியின் சிரிப்பு. அவள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாள் முழுக்க யார்யாரோ பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சிரிக்கத் தெம்பு இருக்காது. அப்படிப்பட்டவள் தம்பியின் பூசணிக்காயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அது வாத்தைத் துரத்தின கதை, பாலத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொண்ட கதை. ஒரு சாயங்காலம் தம்பி அவள் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டான். "அக்கா, நீ ஓட்டு" என்றானாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பல்செட்காரர் கல்யாணம் ஆன புதிதில் பார்த்ததோடு சரி.

அவர் தன் ரிமோட்டை அவளிடம் கொடுத்ததே இல்லை. ஒரு தடவை கேட்டாள். "இது பொம்மை இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். சொன்னது ஞாபகம் வந்ததும் மச்சினன்மேல் எரிச்சல் இன்னும் கூடியது. தப்பு தன்மேல் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எதிராளிமேல்தானே கோபம் வரும்.

இந்த வருஷப் போட்டிக்கு அவளும் வருகிறாள். இத்தனை வருஷம் வராதவள். "தம்பி இந்தத் தடவை என்னையே ஓட்டச் சொல்லிருக்கான்" என்று காலையில் தலை வாரிக்கொண்டே சொன்னாள். ஜெயிக்கிற கப்பலின் படத்தைச் சங்கச் சுவரில் ஒரு வருஷம் மாட்டி வைப்பார்கள். அந்தச் சுவரில் பூசணிக்காயும், பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு அக்காவும் தம்பியும் நிற்பதைப் பல்செட்காரர் இப்போதே பார்த்துவிட்டார்.

மச்சினன் பூசணிக்காயை முன்னறையில் வைத்துவிட்டு, வண்டியைச் சந்திலிருந்து எடுத்துவரப் போனான். அவள் உள்ளே இருந்தாள். பல்செட்காரர் தன் வேலை அறையிலிருந்து ஒரு ஈயத் துண்டை எடுத்து வந்தார். பூசணிக்காயின் மேல்மூடி நாலு கொக்கியில் கழன்று வரும். மூக்கின் உள்பக்கம், கண்ணில் படாத மூலையில், ஈயத்தை வைத்து மெழுகால் அழுத்தி ஒட்டினார். எவ்வளவு கனம் வைத்தால் முங்கும்போது தலை குப்புறத் தொங்கும் என்று அவருக்குக் கணக்குத் தெரியும். தன் கப்பலுக்காக வருஷக்கணக்கில் போட்ட கணக்கு அது. நாசமாக்க நினைக்கவில்லை. கோணல்மாணலாக ஓடி, நாலு பேர் சிரித்தால் போதும் என்று மட்டும்தான் நினைத்தார். மூடியைப் போட்டுவிட்டு, கை கழுவாமலே வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

குளத்தங்கரையில் கூட்டம். மார்க் போடுகிறவர் நிஜக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே எல்லாருக்கும் அவர்தான் கேப்டன். அழகுக்கு வழக்கம்போல பல்செட்காரருக்கு முழு மார்க். மேல்தளத்து இடுக்குகளைக் கேப்டன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து "அடேயப்பா" என்றார். அடுத்து ஓட்டம். தண்ணீருக்கு அடியிலேயே இரண்டு மிதவைகளைச் சுற்றி வந்து, நடுவில் மிதக்கும் வளையத்துக்குள் மேலே எழவேண்டும்.

பூசணிக்காயை இறக்கினதும் மச்சினன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "மூக்கு கொஞ்சம் தணிஞ்ச மாதிரி இருக்கே?"

சொல்ல வேண்டுமென்றால் அதுதான் நேரம். பல்செட்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி ரிமோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "கேப்டன் கையக் காட்டிட்டாருடா, போகட்டுமா?" என்று குதித்தாள். அந்தக் குதிப்பைப் பார்த்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார்.

பூசணிக்காய் அழகாகக் கிளம்பியது. வயிற்றுக்குள் இருக்கும் தொட்டியில் தண்ணீர் ஏறினதும் முங்கியது. முங்கினது மூக்கால். மஞ்சள் வால் ஒரு தடவை வானத்தைப் பார்த்தது, பிறகு அதுவும் போய்விட்டது. அவள் ரிமோட்டின் எல்லாக் குச்சியையும் பின்னால் இழுத்தாள். கலங்கின தண்ணீரில் குமிழிகள் மட்டும் வந்தன. மூக்கு சேற்றில் குத்தி நின்றுவிட்டது.

"ஐயோ, இடிச்சுட்டேன்டா தம்பி. நான்தான் இடிச்சுட்டேன்." அவள் குரல் உடைந்தது. வண்டி ஓட்டின இத்தனை வருஷத்தில் ஒரு கீறல்கூடப் போடாதவள் அவள்.

"நான் கம்பு எடுத்துட்டு வரேன்" என்று பல்செட்காரர் சங்க அறைப் பக்கம் ஓடினார். ஓடினது கம்புக்காக மட்டும் இல்லை. அவள் அழுகிற முகத்தைப் பார்க்க முடியவில்லை. பூட்டின அறைக்குச் சாவி தேடி, கம்பைக் கண்டுபிடித்துத் திரும்பி வருவதற்குள் மச்சினன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் துழாவிக்கொண்டிருந்தான். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, இவருடைய கப்பலைக் கரையோரம் தண்ணீரில் இறக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க முறை வந்துருச்சுங்க. அவன் அந்தப் பக்கம் தேடிக்கிட்டு இருக்கான், நீங்க ஓட்டுங்க" என்றாள்.

ஓட்டினார். முதல் மிதவையைக் கப்பல் தாண்டிப் போய்விடும் என்று பயந்து முன்கூட்டியே சுக்கானைத் திருப்பினார். கப்பல் சொன்ன பேச்சைக் கேட்டது! ஊசிக் குழாய்ப் பெரிஸ்கோப் மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வளைந்து போனது. இரண்டாவது மிதவையை இன்னும் நெருக்கமாகச் சுற்றியது. வளையத்துக்குள் சாம்பல் நிறத்தில், இடுக்குகளிலிருந்து தண்ணீர் வடிய, நிஜக் கப்பல் மாதிரியே எழுந்தது. போன வாரம் சுக்கான் கம்பிக்கு எண்ணெய் போட்டது வீண் போகவில்லை என்று நினைத்தார். கரையே கை தட்டியது. பல்செட்காரருக்கு வாயெல்லாம் பல்.

"இந்த வருஷம் சுவரு உங்களுக்குத்தான்" என்றார் கேப்டன். கேமரா எடுத்துவரப் போனார்.

கப்பலைத் தூக்கித் துடைக்கும்போதுதான் துணி எதிலோ சிக்கியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவினார். சுக்கானுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விளிம்பு. இறக்கைகளிலும் அப்படியே. வெளிச்சத்தில் திருப்பினால் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், அதில் மெல்லிசான கோடுகள். ஃபிரிட்ஜில் காய்கறி போடுகிற டப்பாவில் இருக்குமே, அந்தக் கோடுகள்.

"யாரு மாட்டினா இத?"

"நான்தான்." மனைவி நேராகப் பார்த்தாள். "தம்பி போன வாரமே வெட்டிக் குடுத்துட்டான். மாமாகிட்ட சொன்னா விடமாட்டாரு, நீ அழகு மார்க் போட்டப்புறம் சொருகிடுன்னான். ஒரு தடவையாவது நீங்க ஜெயிக்கணும்னுதான் நான் வந்ததே. எனக்கென்ன, அவன் கப்பல என்னிக்கு வேணும்னாலும் ஓட்டலாம்."

பல்செட்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து மச்சினன் சேறும் தண்ணீருமாக வந்து பூசணிக்காயைப் புல்லில் கிடத்தினான். நாலு கொக்கியைக் கழற்றி மூடியைத் தூக்கினான். மூக்குக்குள் விரலை விட்டு எதையோ பிடுங்கி எடுத்தான்.

விரலில் ஈயத் துண்டு. அதைச் சுற்றி ஈறு நிறத்தில் ரோஸ் மெழுகு. பல்செட் செய்கிறவர்களைத் தவிர யாரும் வைத்திருக்காத மெழுகு. அவசரத்தில் கை, தினமும் எடுக்கிற டப்பாவையே எடுத்திருக்கிறது.

மச்சினன் மாமாவை ஒரே ஒரு தடவை பார்த்தான். பிறகு ஈயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "சீல் போயிருக்குக்கா" என்றான். "உள்ள தண்ணி ஏறிருச்சு. உன் மேல தப்பே இல்ல."

தப்பித்தோம் என்று பல்செட்காரர் மூச்சு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. வயிறு எரிந்த எரிச்சலில் இதுதான் உச்சம். கப்பல் ஓட்டுவதில் அவன் முதல். அக்காவைச் சிரிக்க வைப்பதில் முதல். இப்போது பெருந்தன்மையிலும் அவனே முதலா? இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் சட்டைப் பையைப் பார்த்துப் பார்த்துச் சாகவேண்டுமா? இதையாவது அவனுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது.

"சீல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "மூக்குல நான்தான் ஈயம் வெச்சேன்."

"மாமா, அத இப்ப எதுக்கு..." என்றான் மச்சினன்.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எப்ப வெச்சீங்க?"

"காலைல. அவன் வண்டி எடுக்கப் போனப்ப."

"நான் ஓட்டப்போறேன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

"நான் இடிச்சுட்டேன்னு நெனச்சு அத்தனை பேர் முன்னாடி அழுதேனே. பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"கம்பு எடுக்கப் போயிட்டேன்" என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவர் காதிலேயே விழுந்தது.

அவள் கையை நீட்டினாள். "ரிமோட்டக் குடுங்க."

கொடுத்தார். பொம்மை இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. அவள் கப்பலை அவர் கையிலிருந்து எடுத்து, துடுப்புகள் சரியாகச் சொருகியிருக்கின்றனவா என்று பார்த்து, தண்ணீரில் விட்டாள். முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது, அவரைவிட அவள் நன்றாக ஓட்டுகிறாள். மிதவையை விரல் அகலம் விட்டுச் சுற்றினாள். வளையத்துக்குள் ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவருடைய கப்பல் இத்தனை வருஷத்தில் அப்படி ஒருநாளும் ஓடினதில்லை. வெட்கத்துக்கு நடுவிலும் அவருக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அதை என்னவென்று சொல்வது!

கேப்டன் கேமராவோடு வந்தார். வளையத்துக்குள் நிற்கும் கப்பலையும் கரையில் ரிமோட்டோடு நிற்பவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடி, கேமராவைத் தூக்கினார்.

"சார், கொஞ்சம் நகந்துக்கோங்க" என்றார். "அவங்க மேல உங்க நிழல் விழுது."

பல்செட்காரர் ஈரத் துணியோடு நகர்ந்துகொண்டார்.