பாறைச் சரிவில் காட்டுப்பூண்டு

கலிரோயி கடலோரச் சரிவில் இறங்கியபோது மண் ஏற்கெனவே கிளறிக் கிடந்தது. யாரோ முந்திக்கொண்டுவிட்டார்கள். கிரேக்கத்தின் சிரோஸ் தீவை இத்தாலியச் சிப்பாய்கள் பிடித்த பிறகான முதல் குளிர்காலம் அது. மாவு கிடையாது, எண்ணெய் கிடையாது. ஊரைச் சுற்றியிருந்த கீரையெல்லாம் வேரோடு பிடுங்கித் தின்றாகிவிட்டது. மிச்சமிருந்தது பாறை இடுக்குகளில் முளைக்கும் இந்தக் காட்டுப்பூண்டுதான். பாலில் வீச்சம் ஏறும் என்று முன்பெல்லாம் ஆடுகளைக்கூட இந்தப் பக்கம் விடமாட்டார்கள். கணவன் அல்பேனியப் போர்முனைக்குப் போனவன் திரும்பவில்லை. வீட்டில் நான்கு வயது ரினியோ வயிறு உப்பிப்போய், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள்.

பாறைக்கு அப்பால் மடி நிறையப் பூண்டோடு உட்கார்ந்திருந்தவள் அர்கிரோ, அவளுடைய மூத்த ஓரகத்தி. பொதுத் தண்ணீர்த் தொட்டியில் யார் முதலில் மொள்வது என்று வந்த தகராறுக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. போன வாரம் அர்கிரோவின் ஒரே மகன் பந்தெலிஸ் பட்டினியில் செத்து, அவனைப் புதைக்கத் தூக்கிப்போனபோது கலிரோயி கதவைத் திறக்கவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றிருந்தாள். வீம்பு என்று ஊர் பேசியது. உண்மையில் பயம்தான், அந்தச் சாவு தன் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும் என்று.

இப்போது அவள் பார்வை அந்த மடியைவிட்டு நகரவில்லை. ஆளில்லாத வீட்டுக்கு இவ்வளவு எதற்கு என்ற நினைப்பு வந்ததும் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

அர்கிரோ நிமிரவில்லை.

"விடிஞ்சதும் காலு தானா இங்க வந்துடுது. தோண்டி முடிச்சப்புறம்தான் ஞாபகம் வருது, அவன் இல்லன்னு."

அர்கிரோ மடியை அவிழ்த்து அத்தனையையும் கலிரோயியின் கூடையில் கொட்டினாள்.

"பச்சையாக் குடுத்துடாத. ரெண்டு தண்ணி மாத்தி வேகவை. இல்லன்னா சின்ன வயிறு தாங்காது. அவனுக்கும் அப்படித்தான் தினம் வேகவெச்சு ஊட்டுவேன்."

"நீயும் வாக்கா" என்றாள் கலிரோயி. மன்னிப்பு கேட்க நினைத்தவளுக்கு அவ்வளவுதான் வந்தது.

அர்கிரோ பின்னாலேயே நடந்து வந்தாள். அடுப்பை மூட்டினாள். ஒரு வாய்கூடத் தின்னாமல், பூண்டை விரலால் நசுக்கி நசுக்கிக் குழந்தைக்கு ஊட்டினாள். முதலில் துப்பிய ரினியோ பிறகு விழுங்கினாள். வெகுநேரம் கழித்து அர்கிரோவின் மடியிலேயே வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

கலிரோயி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அர்கிரோ குனிந்து, குழந்தையின் வாயருகே முகத்தைக் கொண்டுபோய், அந்தப் பூண்டு வீச்சத்தைக் கண்மூடி மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள்.