பெய்ஜிங் முற்றத்து மேற்கு அறை

ஒஸ்லோவிலிருந்து பெய்ஜிங்வரை வந்துவிட்டுப் பெருஞ்சுவரும் வேண்டாம், அரண்மனையும் வேண்டாம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? மகள் அபிஷாவுக்கும் வந்தது.

"அம்மா, முதல் நாளே இந்த ஒழுங்கையளுக்கை என்னத்தைப் பாக்கப் போறியள்?"

"நடந்து பாப்பம் பிள்ளை. பழைய இடம், வடிவா இருக்கு" என்றாள் மங்களேஸ்வரி.

இடம் வடிவாகத்தான் இருந்தது. இருபக்கமும் சாம்பல் நிறச் செங்கல் மதில்கள். கார் ஒன்று நுழைந்தால் ஆட்கள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். மின்கம்பிகளில் பருத்தி மெத்தைகள் காய்ந்தன. ஒரு யன்னலிலிருந்து தொங்கிய வயரில் மோட்டார் சைக்கிள் ஒன்று மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது. சிவப்புக் கதவுகள் திறந்து கிடந்த இடங்களில் எல்லாம் உள்ளே ஒரு முற்றம் தெரிந்தது. முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் அறைகள்.

மங்களேஸ்வரியின் கண் மதில்களில் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் இருந்த வயதானவர்களின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஐம்பத்தெட்டு வயது. ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கணவர் இறந்து நாலு வருடம். இந்தப் பயணத்தின் உண்மையான காரணம் அவளுடைய கைப்பைக்குள் ஒரு கடித உறையாக இருந்தது. அதை அபிஷாவுக்கு அவள் இன்னும் காட்டவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அவளுடைய தம்பிமார் இரண்டு பேரும், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வெளிக்கிட்டார்கள். பெரியவன் சச்சிதானந்தன். சின்னவன் சோதிலிங்கம், அப்போது இருபது வயது. கொழும்பு, சிங்கப்பூர், பெய்ஜிங், பிறகு மொஸ்கோ, கடைசியில் நோர்வேயில் அக்கா வீடு. அதுதான் திட்டம். பெய்ஜிங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'சுகமாக இருக்கிறோம், அடுத்தது உங்கட வீடுதான்' என்று சச்சி எழுதியிருந்தான். அதோடு சரி. இருபத்தொன்பது வருடம் ஒரு சொல் இல்லை. தாய் சாகும்வரை அவர்களின் படங்களுக்கு மாலை போட விடவில்லை.

உறையின் பின்பக்கம் யாரோ சீன எழுத்தில் விலாசம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். போன வருடம் வேலையிடத்துக்குப் புதிதாக வந்த சீனப் பெண் ஒருத்தி அதை வாசித்து, கைபேசியில் தேடி, "இந்த வீடு இப்ப பயணிகள் விடுதி" என்று சொன்னாள். அன்றைக்கே மங்களேஸ்வரி அறை பதிந்துவிட்டாள். அங்கே ஒன்றும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் கடைசியாக இருந்த இடத்தில் ஒரு இரவு படுத்தெழும்ப வேண்டும். அவ்வளவுதான்.

முந்தின நாள் மாலை வந்திறங்கியபோது வரவேற்ற விடுதிக்காரர் இளம் ஆள். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று அவள் கேட்கவேயில்லை. ஒழுங்கைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது, முற்றத்தில் ஒரு கிழவி குந்தியிருந்து வெங்காயத்தாள் உரித்துக்கொண்டிருந்தார். விடுதிக்காரரின் தாய், பெயர் லியூ. மங்களேஸ்வரி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பையைத் திறந்து உறையை நீட்டினாள்.

"உதென்ன அம்மா?" என்றாள் அபிஷா.

கிழவி உறையைத் தூரப் பிடித்துப் பார்த்தார். மற்றப் பக்கம் திருப்பினார். வெங்காயத்தாள் மடியிலிருந்து விழுந்தது. எழும்பி வந்து மங்களேஸ்வரியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியையும் கண்களையும் உற்றுப் பார்த்தார். பிறகு வேகமாக ஏதோ சொல்லத் தொடங்கினார்.

அபிஷா அவசரமாகக் கைபேசியில் மொழிபெயர்ப்பைத் திறந்து நீட்டினாள். அது நோர்வேஜிய மொழியில் பேசியது. அடுத்த தரிப்பிடம் எது என்று ரயிலில் சொல்லும் பெண்ணின் குரல் போல, தெளிவாக, மகிழ்ச்சியாக.

"இது என் எழுத்து. நீங்கள் மூத்த சகோதரி. சின்னவன் மேற்கு அறையில் இறந்தான். எனக்கு மிகவும் வருத்தம்."

மேற்கு அறை. ராத்திரி அவர்கள் இருவரும் படுத்திருந்த அறை.

மங்களேஸ்வரிக்குக் காது அடைத்துக்கொண்டது. கிழவியின் வாய் அசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. அபிஷா தாயின் தோளைப் பிடித்துக் கல்வாசலில் இருத்தினாள். கிழவி ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல, கைபேசி அதே குரலில் சொல்லிக்கொண்டே போனது. அந்தக் காலத்தில் ஏஜென்சிக்காரன் அறையை வாடகைக்கு எடுத்து இவர்களை ஒளித்து வைத்திருந்தான். மார்கழிக் குளிர். சின்னவனுக்கு நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் காய்ச்சல். பிடிபட்டுவிடுவோம் என்று ஏஜென்சிக்காரன் வைத்தியரைக் கூப்பிட விடவில்லை. பத்தாம் நாள் விடிய, கிழவியின் கணவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டியோடு வந்தபோது உயிர் போய்விட்டது. கணவர் யார் யாரையோ பிடித்து எரிக்க ஒழுங்கு செய்தார். பெரியவன் சாம்பலை ஒரு தேயிலை டின்னில் போட்டுக்கொண்டு வசந்தகாலத்தில் போய்விட்டான்.

"எங்கை போனவன்? உயிரோடை போனவனோ? கேள் பிள்ளை!"

கிழவி விளங்காமல் அவளைப் பார்த்தார். பிறகு கையைப் பிடித்துத் தன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். மேசையில் ஒரு தடித்த கண்ணாடி. அதற்குக் கீழே பேரப்பிள்ளைகளின் படங்களோடு வரிசையாக அஞ்சலட்டைகள். பனிமலை, மீன்பிடி வள்ளம், வானத்தில் பச்சை வெளிச்சம். வருடத்துக்கு ஒன்று. கடைசி அட்டையில் ஒஸ்லோ ஒபரா மண்டபம்.

அபிஷா அதை எடுத்துத் திருப்பினாள். அனுப்பினவரின் விலாசத்தில் விரலை வைத்து வாசித்தாள்.

"அம்மா... ஹவுகெட்டோ எண்டு கிடக்கு."

"எந்த ஹவுகெட்டோ?"

"எங்கட ஹவுகெட்டோ அம்மா. ஹோல்ம்லியாவுக்குக் கிட்ட."

மங்களேஸ்வரி அட்டையைப் பார்த்தாள். எழுத்து சச்சியுடையது. அவள் இருப்பது ரொம்மனில். ஒரே நகரம். ஹோல்ம்லியாச் சிநேகிதி வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் ஹவுகெட்டோ ஸ்டேசனைக் கடந்துதான் போய் வருவாள்.

மிச்ச நாட்கள் எப்படிப் போயின என்று அவளுக்கு நினைவில்லை. மேற்கு அறையில் அவள் மறுபடி படுக்கவில்லை. கிழவி தன் அறையிலேயே அவளுக்குப் பாய் விரித்தார்.

ஒஸ்லோ திரும்பிய மறுநாள் மத்தியானம் ஹவுகெட்டோவில் அட்டையில் இருந்த விலாசத்து மாடிக் கட்டடத்துக்குப் போனாள். அபிஷா காரில் இருந்தாள். மணிக்குப் பக்கத்தில் இருந்த பெயர் வேறு யாருடையதோ. கதவைத் திறந்தவன் மொட்டையும் நரைத்த மீசையுமாக நின்றான்.

"அக்கா" என்றான்.

எத்தனையோ கேள்விகளோடு வந்தவள் ஒன்றைத்தான் கேட்டாள். "அம்மா செத்தது தெரியுமோடா?"

"ஓம். இணையத்திலை அறிவித்தல் பாத்தனான். என்ரை பேருக்கும் தம்பியின்ரை பேருக்கும் முன்னாலை காணாமற்போன எண்டு போட்டிருந்தியள்."

"பாத்திட்டுமோ பேசாமல் இருந்தனீ?"

"அம்மா அவன்ரை கையைப் பிடிச்சு என்னட்டைத் தந்தவ, அக்கா. தம்பி எங்கை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? வடக்குக் கடைசியிலை, வார்டோவிலை மீன் பக்டறியிலை இருவது வருசம் இருந்தனான். அங்கையே கிடந்து சாவம் எண்டு நினைச்சன். முதுகு ஏலாமல் போய்த்தான் இஞ்சை வந்தனான். ரெண்டு தரம் உங்களை ஸ்டேசனிலை கண்டனான். தூணுக்குப் பின்னாலை நிண்டிட்டன்."

மங்களேஸ்வரி அவனுடைய நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். அவன் நகரவில்லை. கை ஓயும்வரை அடித்தாள். சாமான் பைகளோடு படியேறி வந்த பக்கத்து வீட்டுக்காரி திகைத்து நின்றாள். அவன் நோர்வேஜிய மொழியில் சொன்னான்: "இவ என்ரை அக்கா. ஒண்டுமில்லை."

"சாம்பல் எங்கை?"

"வார்டோக் கடலிலை கரைச்சனான். வேறை இடம் தெரியேல்லை."

அவள் உள்ளே போகவில்லை. படியிலேயே இருந்துகொண்டு, அந்த ஒன்பது நாட்களையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சச்சி கதவு நிலையில் சாய்ந்தபடி சொன்னான். சோதி கடைசி இரண்டு நாளும் அம்மாவைக் கூப்பிடவில்லையாம். "அக்கா வீட்டை வந்திட்டமோ" என்றுதான் கேட்டானாம். "ஓம், வந்திட்டம்" என்று சச்சி சொன்னானாம்.

அபிஷா தேடிக்கொண்டு மேலே வந்தபோது சச்சியும் அதே படியில் இருந்தான்.

அடுத்த ஞாயிறு அவன் ரொம்மனுக்குச் சாப்பிட வந்தான். கூப்பிட்டது அபிஷா. மங்களேஸ்வரி வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சோறு போட்டாள், மீன்குழம்பு ஊற்றினாள். அவனுடைய முகத்தைப் பார்க்க அவளுக்கு இன்னும் ஏலவில்லை. ஊற்றும்போது அவனுடைய விரல்களைத்தான் பார்த்தாள். குளிர் தின்ற, நகம் கறுத்த விரல்கள்.

"இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்றாள்.

"காணும் அக்கா" என்றான் அவன்.

அவள் இன்னும் ஒரு அகப்பை ஊற்றினாள்.