வாய்ப்பாட்டில் இருந்த பாங்க்

“1931 ஆகஸ்டு 12. இன்று ‘பாங்க்’ என்ற சொல் சமயத்துக்கு வாயில் வரவில்லை. தப்பு என்னுடையதே.”

இதை எழுதிவிட்டுத் தனகோட்டி டயரியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆலை வேலை போன பிறகு, ராயபுரத்தில் கப்பல்காரர்கள் வரும் கடையில் செல்லக்கனி அண்ணாச்சி அவனை இரண்டு நாள் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தார். இன்று முதல் நாள். நோட்டு மாற்ற எங்கே போவது என்று ஒரு துரை இங்கிலீஷில் கேட்டார். கேள்வி அவனுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் மாலை இங்கிலீஷ் வகுப்பில் எல்லாச் சொற்களையும் வாய்ப்பாடு போலக் கூட்டமாக ராகம் போட்டுத்தான் படித்திருந்தான். முதலிலிருந்து தொடங்காமல் நடுவில் ஒரு சொல்லை எடுக்க அவனால் முடியவில்லை. “ஷாப், மார்க்கெட், சர்ச்...” என்று முணுமுணுத்தான். அவன் பாங்க்குக்கு வருவதற்குள் துரை போய்விட்டார்.

“ஏலே, வழி கேட்டா வாய்ப்பாடா ஒப்பிக்கே? நாளைக்கும் இதே கூத்துன்னா வீட்டோட இருந்துக்கோ” என்றார் அண்ணாச்சி.

வீட்டில் நிறைமாதமாயிருந்த அவன் மனைவி கண்ணியம்மா அடுப்பு மூட்டவில்லை.

“இன்னாய்யா, வேல கீதா?”

“நாளிக்கி ஒரு நாள் கீது.”

அவள் காலி அரிசிப் பானையைக் கவிழ்த்து வைத்தாள். அவன் மறுபடி பேனாவை எடுத்தான்.

“நாளை: கடை திறக்குமுன் தெருவில் நடந்து, ஒவ்வொரு கட்டடத்தின் எதிரிலும் நின்று அதன் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். முதலில் பாங்க்.”