கழுத்து வாசம்

சித்தப்பாவின் வலது கை மட்டும் மனிதக் கையாகத் திரும்பவில்லை. முழங்கை வரை சாம்பல் நிற ரோமம், அதன் நுனியில் வளைந்த நகங்கள். அந்தக் கையை நுழைப்பதற்காக அவள் அவருடைய சட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாம்மா, நகம் துணியில மாட்டுது," என்று தோளைத் தூக்கிப் பிடித்தார் ஸ்டேப்ளர். "எத்தனை சோபாவைக் கிழிச்ச கை இது. கடைசில ஒரு சட்டையையும் விட்டுவைக்க மாட்டேங்குறாரு, பாரு."

அம்மா மறுமணம் செய்துகொண்ட சித்தப்பாவின் பட்டறையில் பதினெட்டு வருடமாகச் சோபாக்களுக்கு உறை அடித்தவருக்கு வந்த பெயர் அது. சித்தப்பா பௌர்ணமிக்கு மட்டும் ஓநாய். மற்ற நாட்களில் சோபா ரிப்பேர்க்காரர். "தொழிலுக்குத் தானே கிராக்கி உண்டாக்கிக்கிற ஒரே முதலாளி எங்க முதலாளிதான்" என்று ஸ்டேப்ளர் வாடிக்கையாளர்களிடமே சொல்வார். இன்று விடியற்காலை, ஓநாய் உருவிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. மற்ற உடம்பெல்லாம் வந்து சேர்ந்தது. வலது கை மட்டும் வண்டியைத் தவறவிட்டுவிட்டது.

டாக்டர் சான்றிதழில் 'இயற்கை மரணம்' என்று எழுதிவிட்டு அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எந்த இயற்கைன்னு யாராச்சும் கேட்டா, நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிடுங்க," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பதினோரு நாள் படுக்கையில் கிடந்தவர் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "உங்கம்மா பக்கத்துல போட்டுடு. மலைக்கு மட்டும் அனுப்பிடாத." சாகிறவர்களுக்கு எல்லோரும் சொல்வது போல அவளும் சரி என்றாள். ஆனால் அவள் நிஜமாகவே சொன்னாள்.

பத்து மணிக்கு வேன் வந்தது. மலைக் கூட்டத்தார் ஐந்து பேர். மனுஷியைக் கட்டிக்கொண்டார் என்று இருபத்தைந்து வருடத்துக்கு முன் அவரைத் தள்ளிவைத்தவர்கள். உயிரோடு வேண்டாதவரைப் பிணமாகக் கேட்டு வந்திருந்தார்கள். முன்னால் வந்தவர் கூட்டத்துக்கு மூத்தவர்; அவர்களே அவரை மூக்கர் என்றுதான் அழைத்தார்கள். பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு நின்றவன் சித்தப்பாவின் முதல் தாரத்து மகன்.

"சாயங்காலத்துக்குள்ள மலையில அடக்கம் பண்ணணும்," என்றார் மூக்கர்.

"அவர் இங்கதான் கேட்டாரு. எங்கம்மா பக்கத்துல."

"யார்கிட்ட கேட்டாரு?"

"என்கிட்ட."

"நீ யாரும்மா அவருக்கு?"

அவள் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஸ்டேப்ளர் கூரையைப் பார்த்தார்.

"பொண்ணு," என்றாள்.

"காகிதத்துல பொண்ணா, கழுத்துல பொண்ணா?"

அவர்கள் வழக்கத்தில் சான்றிதழும் சாட்சியும் செல்லாது. தகப்பன் பிள்ளையின் கழுத்தில் தாடையை வைத்து ஒருமுறை அழுத்தித் தேய்ப்பான். அந்த வாசம் பிள்ளை சாகும்வரை போகாது. எந்தக் கழுத்தில் அது இருக்கிறதோ, அந்தப் பிள்ளை சொல்லும் இடத்தில்தான் குழி. இரண்டு கழுத்தில் இருந்தால் உட்கார்ந்து பேசுவார்கள்.

மூக்கர் முதலில் மகனை மோந்தார். "இருக்கு. பால்குடி வயசுல வச்சது. லேசா இருக்கு."

அவள் கூந்தலை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள். மூக்கர் அவசரப்படவில்லை. வலப்பக்கம், இடப்பக்கம், பிடரி.

"நல்லா இழுத்துப் பாருங்க பெரியவரே," என்றார் ஸ்டேப்ளர். "எங்கயாச்சும் அடியில கிடக்கும்."

மூக்கர் நிமிர்ந்தார். "சோப்பு."

"சோப்பு மட்டும்தானா?"

"கொஞ்சம் மருந்துக்கடை. நான் ஆயிரம் பொய் சொல்லியிருக்கேன்பா. மூக்கை வச்சுச் சொன்னதில்ல."

அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வயது அப்போது. ஒருநாள் காலை சித்தப்பா தலைக்குக் குளித்து, படிய வாரி, பெண் பார்க்க வந்தவர் மாதிரி அவள் அறை வாசலில் நின்றார். "ஒரே நிமிஷம்தான். கழுத்துல தாடையை வச்சு எடுத்துடுவேன். எங்க வழக்கம். அப்புறம் நீ எங்க தொலைஞ்சாலும் நான் கண்டுபிடிச்சிடுவேன்." அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். "ஏற்கெனவே ஸ்கூல்ல என்னை மோந்து பார்த்துச் சிரிக்கிறாங்க. நீங்க ஒண்ணும் எங்கப்பா இல்ல."

"அப்ப தொலையாமப் பார்த்துக்க," என்று சிரித்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். அதன் பிறகு கேட்கவே இல்லை. அவளும், வேலைக்குப் போன பிறகு, அம்மா போன பிறகு, எத்தனையோ முறை சொல்ல நினைத்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

"அவர் கேட்டாரு," என்றாள் மூக்கரிடம். "நான்தான் வேணாம்னுட்டேன்."

"அது உங்க ரெண்டு பேருக்குள்ள."

ஸ்டேப்ளர் விடவில்லை. "பதினோரு நாளா இவதான் ஊட்டினா, துடைச்சா, மலம் அள்ளினா. மகன் அப்ப எங்கய்யா இருந்தாரு?"

"எனக்கு யாரும் சொல்லல," என்றான் மகன்.

"செத்தது மட்டும் காத்துல வந்துச்சாக்கும்?"

மகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டான்.

"சரி, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்," ஸ்டேப்ளர் குரலைத் தாழ்த்தினார். "உடம்பு இங்க இருக்கட்டும். அந்தக் கை உங்களோடதுதானே, அதை மட்டும்..."

"ஸ்டேப்ளர்," என்றாள் அவள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"நான் கூட வரலாமா?" என்று அவள் மூக்கரிடம் கேட்டாள்.

"அடிவாரம் வரைக்கும். அதுக்கு மேல மனுஷக் காலு படக்கூடாது."

மலைக்கு மனுஷத் துணியும் போகக் கூடாது என்றார்கள். அவள் பாடுபட்டு மாட்டிய சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார்கள். தாங்கள் கொண்டுவந்த கம்பளியில் சுற்றித் தூக்கினார்கள். வேன் கதவை மூடும்போது அவள் மகனின் பக்கத்தில் போய் நின்றாள்.

"வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. இடது தோள்ல அவருக்கு வலி."

"செத்தவருக்கு ஏதும்மா வலி?" என்றார் மூக்கர் முன்சீட்டிலிருந்து.

மகன் தலையை மட்டும் ஆட்டினான்.

வேன் தெருமுனையில் திரும்பியது. ஸ்டேப்ளர் பட்டறையைப் பூட்டப் போனார். அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். அடிவாரம் வரை போய் என்ன செய்வது.

சித்தப்பா இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல், அவருக்குப் பயந்து, இந்தத் தெருவுக்குள் நாய்கள் வந்ததில்லை. இன்று ஒரு செம்பட்டை நாய் வேன் போன தடத்தை மோந்துகொண்டே வந்து, திறந்து கிடந்த கேட்டுக்கு வெளியே நின்றது. உள்ளே ஒரு கால் வைத்தது. ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு காலும் வைத்தது.

அவள் கையை நீட்டினாள்.

நாய் வாலை ஆட்டிக்கொண்டு நெருங்கி, அவள் விரல்களை மோந்தது. வால் நின்றது. மெல்லக் கீழே இறங்கிப் பின்னங்கால்களுக்கு நடுவே நுழைந்தது. வயிறு தரையில் உரச, ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி, கேட்டைத் தாண்டியதும் ஓடியே போனது.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.