அழுந்தாத இடது பட்டன்

வீட்டு வரைபடம் போட்டுக்கொடுப்பது அவள் தொழில். ஒரு கட்டுமான நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே செய்கிறாள். ஜன்னலோர மேஜையும் லேப்டாப்பும்தான் அவளுக்கு ஆபீஸ். அன்று காலை ஒரு வீட்டின் மாடிப்படியைக் கூடத்திலிருந்து வெளியே தள்ளச் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் எத்தனை முறை மனசு மாறினார் என்று எண்ணுவதையே அவள் விட்டிருந்தாள். முணுமுணுத்தபடி திரையில் படியைப் பிடித்து இழுக்கப் போனாள். டச்பேடுக்குக் கீழே இருக்கும் இடது பட்டன் அழுந்தவில்லை. கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. கட்டைவிரலால் பலம் கொடுத்ததும் உள்ளே போனது, ஆனால் சட்டென்று திரும்பி வரவில்லை. படிக்குப் பதில் பக்கத்திலிருந்த குளியலறைச் சுவர் அம்புக்குறியோடு ஒட்டிக்கொண்டு இழுபட்டுப் போய்ச் சமையலறை நடுவில் நின்றது.

உடனே அவளுக்கு நினைவு வந்தது கொழுந்தன்தான்.

பார்த்த வேலையை விட்டுவிட்டு, கணக்கு மென்பொருள் படிக்கிறேன் என்று அவர்களோடு வந்து தங்கியிருந்தான். சாயங்காலம் அவள் வேலை முடித்து எழுந்ததும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே லேப்டாப்பில் வகுப்பு கேட்பான். கையில் டீ இல்லாமல் உட்காரமாட்டான். பிஸ்கட்டை அதில் தோய்த்துத் தோய்த்துத் தின்பான். டீயைக் கொட்டிவிட்டுத் துடைத்து வைத்திருக்கிறான், வாயைத் திறக்கவில்லை பார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

நேராக அவனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மதியம் சாப்பிட வந்த கணவனிடம்தான் ஆரம்பித்தாள். கொழுந்தன் இருந்த அடுத்த அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

"நமக்குச் சோறு போடுற சாமான் இது. ஆளாளுக்குக் கை வச்சா இப்படித்தான் ஆகும்."

கணவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பெண்டாட்டிக்கும் தம்பிக்கும் நடுவில் மாட்டாமல் நழுவுவது அவனுக்குக் கைவந்த கலை. பார்க்கலாம், சரி பண்ணிடலாம் என்று பொதுவாக ஏதோ சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் நாற்காலிக்கு வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, சிநேகிதன் வீட்டில் வகுப்பு கேட்கப் போவதாக அண்ணனிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவளுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. மறுநாள் வரைபடத்தை ஒப்படைக்க வேண்டும். லேப்டாப்பை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பட்டன் இடுக்கை மெல்லிய பிரஷ்ஷால் தட்டினாள். கொஞ்சம் பிஸ்கட் தூள் வந்தது. நான் சொல்லவில்லையா என்று மனசு துள்ளியது. ஆனால் தூள் போன பிறகும் பட்டன் அதே முறுக்கோடுதான் இருந்தது. இடது பட்டன் செய்யும் வேலையை வலதுக்கு மாற்றி வைத்தாள். அவள் அதிகம் தொடாத வலது பட்டனும் விறைத்துக் கிடந்தது அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் பக்கத்து வீட்டு டீச்சரிடம் ஒரு மவுஸை வாங்கிவந்து சொருகினாள். வெண்ணெய் மாதிரி வேலை செய்தது. அப்படியானால் லேப்டாப்பின் மூளையில் கோளாறில்லை, பட்டன் இருக்கும் இடத்தில்தான் ஏதோ என்று புரிந்தது. அதற்கு மேல் அவள் தோண்டவில்லை. மவுஸை வைத்தே மாடிப்படியை வெளியே தள்ளி அனுப்பிவிட்டாள்.

கொழுந்தன் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரிதான் நடமாடினான். கூப்பிட்டால் வந்தான், கேட்டால் பதில் சொன்னான்.

அடுத்த வாரம் ஒரு காலை, தட்டச்சு செய்யும்போதெல்லாம் லேப்டாப் ஊஞ்சல் ஆடியது. மேஜைக் கால் குட்டையாகிவிட்டது என்று நினைத்து, காகிதத்தை மடித்து அதன் அடியில் திணித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் போன கொழுந்தன் நின்று பார்த்தான். பேசக்கூடாது என்றுதான் இருந்திருப்பான், பொறுக்க முடியவில்லை.

"மேஜை ஆடல, அண்ணி. லேப்டாப்தான் ஆடுது."

லேப்டாப்பை எடுத்துத் தரையில் வைத்தான். அங்கேயும் ஆடியது. திருப்பிப் பார்த்தான். மூக்குமுட்டத் தின்றவன் வயிறு மாதிரி அடிப்பக்கம் புடைத்திருந்தது.

"பேட்டரி உப்பியிருக்கு, தீப்பிடிச்சுக்கும். சார்ஜரைக் கழட்டுங்க. இத்தனை நாளா இதையா அழுத்திக்கிட்டு இருந்தீங்க?"

அவன் முகத்தில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் சார்ஜரைப் பிடுங்கினாள். அணைத்து, எதுவும் அழுத்தாதபடி ஒரு தட்டில் வைத்து, குழந்தையைத் தூக்கிப்போவது போல இருவரும் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனார்கள்.

கடைக்காரர் அடிமூடியைக் கழற்றினார். பேட்டரி குட்டித் தலையணை கணக்காக உப்பி, டச்பேடுக்கு நேர் கீழே முட்டிக்கொண்டு நின்றது. பட்டன் இறங்கி ஏற இடமே இல்லை, பிறகு எப்படி ஒழுங்காக அழுந்தும் என்றார். அப்போதும் அவளுக்கு மனசு ஆறவில்லை. உள்ளே டீ ஏதாவது இறங்கியிருக்கிறதா என்று கேட்டுவிட்டாள். கொழுந்தன் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். கடைக்காரர் டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. பேட்டரிக்கு வயசாகிவிட்டது, பகல் முழுக்கச் சார்ஜரிலேயே போட்டு வைத்தால் சீக்கிரம் கெடும் என்று சொல்லி, அப்படி வைப்பது யார் என்று சும்மா கேட்டார்.

"நான்தான்," என்றாள்.

புது பேட்டரி போட்டதும் பட்டன் 'டக்'கென்று அழுந்தி, 'டக்'கென்று எழுந்தது.

திரும்பும்போது லேப்டாப்பை அவன் வைத்திருந்தான்.

"அன்னிக்கு அண்ணன்கிட்ட நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு," என்றான்.

"தெரியும். விழணும்னுதான் சொன்னேன்."

அவன் நின்று அவளைப் பார்த்தான். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தப்புதான்பா. கேக்காமலே பழிய உன் தலையில கட்டிட்டேன்."

அவன் உடனே பரவாயில்லை என்று சொல்லிவிடவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, நேராகவே திட்டியிருக்கலாம் அண்ணி, அது இவ்வளவு வலித்திருக்காது என்றான். இனிமேல் நேராகவே திட்டுகிறேன் என்று அவள் சொன்னாள். அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தான்.

அன்று சாயங்காலம் அவளே லேப்டாப்பைக் கொண்டுபோய் அவன் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்தாள். கொஞ்ச நாள் வரை, எடுக்கலாமா எடுக்கலாமா என்று கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தான். ஒவ்வொரு தடவை அவன் கேட்கும்போதும் அவளுக்குச் சுருக்கென்றது. அப்புறம் ஒருநாள், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வார்த்தையும் கேட்காமல் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் கண்டுகொள்ளாத மாதிரி மடிப்பதைத் தொடர்ந்தாள்.