அம்மா வீட்டில் இருக்கிறாள்

வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்து, தையலும் பிரித்தாயிற்று. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியும் நான் அதே கட்டிலில்தான் கிடந்தேன். திருச்செந்தூரில் அந்த அம்மாவின் சொந்த ஆஸ்பத்திரி அது. வாசலில் இரும்புக் கேட், அதை ஒட்டிப் பணம் கட்டும் ஜன்னல். ஜன்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் வன்னியபெருமாள் அண்ணாச்சி சீட்டுக் கொடுத்தால்தான் கேட் திறக்கும். பணம் கட்டினால்தான் சீட்டு. கட்டாமல் கிடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் கட்டில் வாடகை வேறு பில்லில் ஏறிக்கொண்டே போனது.

"வெளிய விடாமப் புடிச்சு வச்சிருக்கதுக்கு வாடகையா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நான் என்னம்மா செய்ய கிளாடிஸ்? டாக்டரம்மா சொல்லுதாங்க, நான் எழுதுதேன்" என்றார். நல்ல மனுஷன்தான். அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

என் வீட்டுக்காரர் சிலுவைக்குத் தூத்துக்குடியில் மில் வேலை. மாசாமாசம் சம்பளத்தில் இன்சூரன்சுக்கென்று பிடித்துக்கொள்வார்கள். பிரசவமோ ஆபரேஷனோ, நமக்குப் பைசா செலவில்லை. ஆனால் தூத்துக்குடியில் அவர்கள் சொல்லுகிற ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். எனக்கோ தலைப்பிரசவம். ஏழாம் மாசம் என் அம்மா பிளாரன்ஸ் வந்து மணப்பாட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். தலைப்பிள்ளையைப் புருஷன் வீட்டில் பெற்றால், பெண்ணைப் பெற்றவர்களுக்குத் துப்பில்லை என்று கோயில் வாசலில் வைத்தே பேசுகிற ஊர் எங்கள் ஊர். இந்த இன்சூரன்ஸ் சட்டத்தை எழுதினவன் பெண்டாட்டி எங்கே போய்ப் பெற்றாளோ, தெரியவில்லை.

பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வாடகைக் காரில் திருச்செந்தூர் வரை உயிரோடு வந்து சேர்ந்ததே மாதா புண்ணியம். இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியைத் தேடித் தூத்துக்குடிக்குப் போயிருந்தால் வழியிலேயே இரண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம்.

அவசரத்துக்கு வெளி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இன்சூரன்சில் பணம் கொடுப்பார்கள் என்று மில்லில் யாரோ சொல்ல, இவர் பில்லைத் தூக்கிக்கொண்டு அந்த ஆபீசுக்கு ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"தாணுலிங்கம்னு ஒரு அதிகாரி. 'ஒம்ம சம்சாரம் ஒம்ம கூட இல்லையா'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னிய?"

"இல்ல சார், அவ அம்மா வீட்டுல இருக்கான்னு சொன்னேன். எவ்வளவு நாளான்னு கேட்டாரு. மூணு மாசமாச்சுன்னேன். எழுதிட்டாரு."

"பேறுகாலத்துக்குப் போயிருக்கான்னு சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ஏளா, கேட்டதுக்குத்தான பதில் சொன்னேன்."

புருஷனோடு சேர்ந்து குடியிருக்கிற மனைவிக்குத்தான் இன்சூரன்சாம். இவர் வாயால் நான் வாழாவெட்டியாகிவிட்டேன். திரும்ப ஓடிப் போய் விளக்கம் சொன்னபோது தாணுலிங்கம், "வழக்கம் எனக்குந் தெரியும்யா, எம் மகளும் பேறுகாலத்துக்கு என் வீட்டுக்குத்தான் வந்தா. ஆனா எழுதினது எழுதினதுதான். நாடு இருக்கிற இருப்புல அடிச்சுத் திருத்தினா எம் வேலை போயிரும்" என்றாராம். எமர்ஜென்சி காலம் அது. ஆபீசில் ஆளாளுக்குப் பயம். நான் நேரில் வந்து, புருஷனோடுதான் இருக்கிறேன் என்று சொன்னால் சேர்த்து எழுதி மேலே அனுப்புவாராம்.

நான் போனால்தான் பணம் வரும். பணம் வந்தால்தான் நான் போக முடியும். இதை நினைத்து நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.

என்னை ஒரு நாள் மட்டும் வெளியே விடச் சொல்லி அண்ணாச்சிதான் டாக்டரம்மாவிடம் போய்ப் பேசினார். முன்னால் அப்படிப் போன ஒருத்தி வரவே இல்லை என்று அந்த அம்மா கத்துவது என் கட்டில் வரைக்கும் கேட்டது. பிறகு டாக்டரம்மாவே வந்தாள். "நீ போயிட்டு சாயந்திரம் வந்துரு. புள்ள இங்கயே இருக்கட்டும்."

அம்மாவைப் பிள்ளைக்குக் காவல் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் வயிற்றில் தைத்த இடம் சுள்ளென்று இழுத்தது. ஆறுமுகநேரி தாண்டுவதற்குள் பால் கட்டிக்கொண்டது. தூத்துக்குடி ஆபீசில் தாணுலிங்கத்துக்கு முன்னால் போய் நிற்கும்போது ரவிக்கை நனைந்து, முந்தானையும் நனைந்துவிட்டது. அந்த வெட்கத்தை எந்தப் பெண்ணுக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

"நீங்க இவரு கூடத்தான் இருக்கீங்களா?"

"ஆமா."

"கொழந்தை எங்க? கூட்டிட்டு வரலையா?"

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அது இவ அம்மாகிட்ட..."

அவர் காலை ஓங்கி மிதித்தேன். ஐயோ, இந்த மனுஷனுக்குப் பட்டும் புத்தி வரவில்லையே.

"புள்ளைய அடகு வச்சிட்டு வந்திருக்கேன் சார்" என்றேன். "சாயந்திரத்துக்குள்ள நான் திரும்பிப் போவணும். யாரு கூட இருக்கேன்னு கேட்டியள்லா? புருஷன் கூட இல்ல. அம்மா வீட்டுலயும் இல்ல. பெத்த புள்ள கூடவும் இல்ல. இதையும் எழுதுங்க."

அவர் என் முந்தானையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

"இந்தப் பேப்பரு மெட்ராசுக்குப் போயி வரணும்மா. ரெண்டு மாசமாவது ஆகும்" என்றார், குனிந்த தலை நிமிராமல்.

ரெண்டு மாசம். என் வீட்டுக்காரர் பில்லை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

பஸ்சை விட்டு இறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போதே பிள்ளை கத்துவது கேட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. என்னைக் கண்டதும் சீட்டு எதுவும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்கள். ஜன்னலிலிருந்து அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"இன்னைக்கு ஒனக்கு வாடகை போடலம்மா" என்றார். சந்தோஷமான சேதியைச் சொல்லுகிறவர் மாதிரிதான் ஆரம்பித்தார். பிறகு குரல் இறங்கியது. "புள்ள பேருக்குப் போடச் சொல்லிட்டாங்க."

"புள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானமே ஆவலையே அண்ணாச்சி. எந்தப் பேருக்குப் போட்டிய?"

"கிளாடிஸ் புள்ளன்னு எழுதியிருக்கேன்" என்றார்.

நான் உள்ளே போய், அம்மா கையிலிருந்து பிள்ளையை வாங்கி, அதே கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுத்தேன்.